ஆசிரியராக விருப்பமா?

மொழியாசிரியர் கல்வி பயில்வோர் அனைவரும் ஆசிரியராகும் விருப்பத்துடன்தான் அப்படிப்பில் சேர்கின்றனரா? இல்லை என்பதே உண்மை. வேறு படிப்பில் இடம் கிடைக்காமல் வந்தவர் உண்டு. பெற்றோர் சொற்கேட்டு வந்தவர் உண்டு. அரசுப் பணி கிட்டும் என்று நம்பி வந்தவரும் உண்டு. 'விருப்பமில்லாதவர் ஏன் இப்படிப்புக்கு வரவேண்டும்?' எனச் சிலர் கடிந்துகொள்வர். (மருத்துவம் பயில்வோரிடம் இவ்வினாவை எவரும் எழுப்புவதில்லை.) அவ்வாறு கடிவது முறையன்று. வகுப்பறையில் நின்று பாராத ஒருவர் அப்பணியை விரும்புவதாகவோ வெறுப்பதாகவோ எவ்வாறு கூற இயலும்?

2015ஆம் ஆண்டு முதல் பி.எட். ஈராண்டுப் படிப்பாக உள்ளது. அதில் 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி பெறுதல் வேண்டும். பலருக்கு விருப்பம் பிறப்பது அங்கேதான். தில்லியில் வளரும் சிறுமி ஒருத்தி 'பகல்' என்னும் சொல்லைப் 'பக்கல்' என்பதுபோல் அழுத்திப் படிக்கிறாள் எனக் கொள்வோம். கவனக்குறைவு என்றே பயிற்சி ஆசிரியை முதலில் எண்ணுவார். பின்னர்தான் காரணம் புலப்படும். இந்தியில் ககர ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள் உள்ளன; எழுத்தைக் கண்டதும் ஒலி தெரிந்துவிடும். தமிழிலோ எழுத்து ஒன்றே. கல், தங்கம், பகல் என அது நிற்கும் இடத்தைப் பார்த்தே ஒலிக்க வேண்டும். சிறுமி செய்தது பிழையன்று. தான் அறிந்த மொழியின் வழக்கத்தையே பின்பற்றினாள். இதனை உணர்ந்த ஆசிரியை மறுநாள் பாடத்தை வேறு விதமாகத் தொடங்குவார். வேண்டா வெறுப்பாக வந்தவரும் மனம் மாறும் நாள் அது.

ஆயினும் விருப்பம் மட்டும் போதாது. பிற மாநிலப் பள்ளிகள் பலவற்றில் தமிழாசிரியர் ஒப்பந்த அடிப்படையிலேயே அமர்த்தப்படுகின்றனர். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் மறு ஆண்டு வகுப்பே இராது. அந்நிலையில் ஒருவர் வேறு பணி தேடிச் சென்றால் அவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. நிலையான பணியிடம் தராதோரையே கேட்க வேண்டும்.

தில்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1923இல் தொடங்கிய கல்வி முயற்சி, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக இன்று வளர்ந்துள்ளது. நடுவண் ஆசிரியர் தகுதித் தேர்வில் தமிழையும் மொழித்தாளாகத் தேர்ந்தெடுக்கலாம். இவ்வகுப்புகளுக்கு நாளை எவர் வருவர்? தமிழகத்திலிருந்தே வரவேண்டும் என்பதில்லை. லகர, ளகர, ழகரங்களில் தாமே தடுமாறிக் கற்றவருக்கு, அடுத்த பிள்ளை எங்கே தடுமாறும் என்பது முன்னரே தெரியும். ஆயினும் வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளையிடம் 'பொறியாளர் ஆவாயா, மருத்துவர் ஆவாயா?' என்றே உறவினர் கேட்கின்றனர். தமிழாசிரியர் ஆவாயா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.