எந்தக் கைகள் தூயவை?

ராக் இசைக்கலைஞரின் கை பட்டால் புனித இசை தீட்டுப்பட்டுவிடும் என வாதிடுவோர் நம்மிடையே உண்டு. அவர்களை நாம் மறுக்கிறோம்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, கத்தோலிக்கத் தாயின் மகன். சிறுவயதில் லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயப் பாடற்குழுவில் சேர முயன்றார்; ஏற்கப்படவில்லை. கார்ல் டேவிசுடன் இணைந்து அவர் படைத்த ‘லிவர்பூல் ஆரட்டோரியோ’ 1991-இல் அதே பேராலயத்தில்தான் அரங்கேறியது. 2006-இல் வெளிவந்த ‘எக்சே கோர் மேயும்’ அதனினும் ஆழமானது. ‘இதோ என் இதயம்’ என்பது அவ்விலத்தீன் தலைப்பின் பொருள். ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரிக்காகத் தொடங்கிய அப்பணி, 1998-இல் மனைவி லிண்டா மறைந்தபோது தடைப்பட்டது. அத்துயரமே பின்னர் படைப்பின் நடுவே புலம்பலாக ஒலித்தது.

‘இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர், பாடற்சொற்களும் மறைநூலினுடையவை அல்ல’ என்பர். உண்மையே. இதைத் திருப்பலியில் பாடவேண்டுமென நாமும் கோரவில்லை. ஆனால், வழிபாட்டுச் செயலோடு எவ்வளவு நெருங்கி இணைகிறதோ அவ்வளவுக்கு இசை புனிதமாகிறது என்றே 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. இசையமைத்தவரின் பழைய வாழ்வை அது அளவுகோலாக்கவில்லை.

தாவீது பாவம் அறியாதவரா? இருப்பினும், அவர் பெயரால் வழங்கும் திருப்பாடல்களைத் திருச்சபை நாள்தோறும் செபிக்கிறது. மனைவியை இழந்தவரின் புலம்பல் ஆலய வாசலில் நின்று அனுமதிச்சீட்டுக் காட்டவேண்டுமா? குற்றமற்ற கைகளுக்காகவே காத்திருப்போமாயின், நம் பாடற்குழு மேடை என்றும் வெறுமையாகவே இருக்கும்.