விசாரிப்பவர் யார்?

காலை வேளையில் ஆரல்வாய்மொழிப் பேருந்து நிறுத்தத்தில் நின்று, நாகர்கோவிலுக்கும் வள்ளியூருக்கும் திருநெல்வேலிக்குமாகப் பிரிந்து செல்லும் கல்லூரிப் பெண்களைக் காண்பவர் எவரும், நம் பாட்டிமார் காலத்தில் இக்காட்சி கனவிலும் தோன்றியிராது என்று எண்ணி மகிழ்வர். ஆயினும் அவர்களுள் ஒருத்தி, ஆசிரியர் தன்னிடம் தகாத முறையில் நடந்தார் என்றோ, ஜாதியைச் சொல்லி அவமதித்தார் என்றோ முறையிட நேர்ந்தால், அதைக் கேட்டு விசாரிக்கப்போகிறவர் யார் என்பதை நாம் யோசிப்பதில்லை.

பாலியல் புகாரைப் பொறுத்தவரை சட்டத்துக்குக் குறைவில்லை. ஜனங்கள் இன்னும் விசாகா கமிட்டி என்றே வழங்கும் உள்ளகப் புகார்க் குழுவில் பாதிப்பேராவது பெண்களாயிருக்க வேண்டும், வெளியார் ஒருவர் இடம்பெற வேண்டும், 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகளோ, துணைவேந்தரும் பதிவாளரும் துறைத் தலைவர்களும் அக்குழுவில் உறுப்பினராகவே கூடாது என்று விலக்குகின்றன. அவ்வரியை எழுதியவர் யாரோ, கல்லூரிகளை உள்ளிருந்து அறிந்தவர். எனினும் குழுவின் ஆசிரியர்களையும், அந்த வெளியார் ஒருவரையும்கூட நியமிப்பது நிர்வாகமேயாதலால், விலக்கப்பட்ட அதிகாரம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்து அமர்ந்துகொள்கிறது.

சென்னைக் கலாக்ஷேத்திராவில் 2023 மார்ச்சில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். பாலியல் தொல்லை பற்றிய குற்றச்சாட்டுகள் ஆதாரமற்றவை என்று அந்த ஸ்தாபனத்தின் உள் குழு கண்டதாக முதலில் அறிவிப்பு வந்தது. தேசிய மகளிர் ஆணையமும் போலீசுக்கு எழுதிவிட்டுப் பின்னர் பின்வாங்கியது. மாதக் கடைசியில் மாணவிகள் வகுப்பைத் துறந்து வளாகத்திலேயே அமர்ந்துவிட்டனர். மாநில மகளிர் ஆணையத் தலைவி நேரில் சென்றபோது சுமார் தொண்ணூறு பேர் எழுத்துமூலம் புகார் கொடுத்தனர். ஏப்ரல் 3-ஆம் தேதி உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். அதன் பின்னரே ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் வேறொரு குழு அமைந்தது. அதே வளாகம், அதே மாணவிகள். கேட்டவர் மாறியதும் சொல்லும் தைரியம் வந்தது.

நாஞ்சில் நாட்டார் இதை முன்பே கண்டவர்கள். தோள்சீலைக் கலகத்தில் மேலாடை அணிந்ததற்காகக் கீழ்ஜாதி எனப்பட்ட பெண்கள் தாக்கப்பட்டபோது, ஜாதிக்கேற்ற ஆடை வழக்கத்தைக் காப்பதே கடமையெனக் கருதிய திருவிதாங்கூர் சமஸ்தான அதிகாரிகளிடமேதான் அவர்கள் முறையிட வேண்டியிருந்தது. சென்னைக் கவர்னர் டிரெவெலியன் வெளியிலிருந்து நெருக்கிய பிறகே 1859 ஜூலை 26-இல் மகாராஜாவின் பிரகடனம் பிறந்தது. அதுவும், மேல்ஜாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடு.

ஜாதிப் புகாரின் நிலை இன்னும் பரிதாபம். மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அதைக் கேட்கும் அதிகாரி, அதே கல்லூரியின் ஆசிரியர் ஒருவரே. டில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர் பட்ட பாட்டை 2007-இல் வெளிக்கொணர்ந்தது, வெளியிலிருந்து சென்ற தோரட் குழு.

ஆகவே என் அபிப்பிராயம் இது: வெளி உறுப்பினரைக் கல்லூரி தேர்ந்தெடுக்கலாகாது, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அனுப்பட்டும், அதுவும் அண்டை மாவட்டத்தவராகப் பார்த்து. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தமான இப்பகுதியில், புகார் கொடுத்த பெண் வீடு சேருமுன் செய்தி தோவாளைப் பூச்சந்தையை எட்டிவிடும். பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட ஆசிரியருக்கும், தன் சகாக்கள் தரும் நற்சான்றைவிட அன்னியர் ஒருவரின் தீர்ப்பே கௌரவமானது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் கல்லூரிக்கு ஒருவர் வர, கணவாய் வழியே இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணந்தான்; அந்தப் பயணப்படியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே நிர்வாகங்களின் முதல் ஆட்சேபணையாக இருக்கும்.