நண்பரின் நூலுக்கு முழு விலை

நண்பர் ஒருவர் துணிக்கடை திறந்தால் திறப்பு நாளன்றே சென்று துஆச் செய்கிறோம். வரும்போது ஒரு சட்டையேனும் வாங்கி வருகிறோம். உணவகம் திறந்தால் குடும்பத்தோடு போய் அமர்கிறோம். அதே நண்பர் ஒரு விளையாட்டை உருவாக்கி, அதனை நூலாக அச்சிட்டு, வாங்கிப் பாருங்கள் என்று கேட்டால் மட்டும், "எனக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்களேன்" என்று சொல்லிவிடுகிறோம். துணிக்கு விலை உண்டு, சிந்தித்து எழுதியதற்கு விலை இல்லை என்பது எந்த நியாயம்?

இதனை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் நண்பர் ஒருவர் பகலில் கணக்காளராகப் பணிபுரிகிறார். இஷாத் தொழுகைக்குப் பிந்திய நேரத்தைக் கொண்டு மூன்றாண்டுகள் உழைத்து, அறிவியல் புனைவு விளையாட்டு ஒன்றை வடிவமைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பதிப்பகம் எதுவும் இல்லை. ஓவியருக்குக் கொடுத்த ஊதியமும் அச்சகத்துக்குக் கொடுத்த முன்பணமும் அவருடைய சொந்தச் சேமிப்பு. அப்பணம் திரும்புமா என்பது அவரை அறிந்த நம்மைப் போன்றோரின் கையிலும் ஓரளவு இருக்கிறது.

ரோல் பிளேயிங் கேம் என்று வழங்கும் இவ்வகை விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். இதற்குத் திரை தேவையில்லை. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் விண்கல மாலுமி, மருத்துவர், பொறியாளர் என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். கலத்தில் காற்று குறைகிறது, அருகில் அறியாத கோள் ஒன்று இருக்கிறது, இறங்குவதா, வேண்டாமா? அவர்களே கலந்து பேசி முடிவெடுக்கிறார்கள். அம்முடிவின் விளைவை விதிநூலும் பகடையும் தீர்மானிக்கின்றன. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பது பொதுவாக இதில் இல்லை, பணயமும் இல்லை. 1977இல் மார்க் மில்லர் வடிவமைத்து அமெரிக்காவில் வெளிவந்த 'டிராவலர்' இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. ஒரு பெட்டியில் மூன்று சிறு கறுப்பு அட்டைப் புத்தகங்களாக அது விற்பனைக்கு வந்தது.

இது வீண் பொழுதுபோக்கு அல்லவா என்று நம் பெரியவர்கள் கேட்கக்கூடும். கேட்பது முறையே. தொழுகையைத் தவறவைக்கும் எந்த விளையாட்டும் நமக்கு வேண்டாததுதான். ஆயினும், ஒரே வீட்டில் நால்வர் நான்கு மூலைகளில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் இக்காலத்தில், அவர்களை முகம் பார்த்துப் பேசவைக்கும் ஒன்றை எடுத்த எடுப்பில் ஒதுக்குவது சரியாகாது.

கற்பனையும் நமக்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தலூஸில் வாழ்ந்த இப்னு துஃபைல், தீவொன்றில் தனியே வளரும் குழந்தை தன் சிந்தனையாலேயே படைத்தவனை அறிவதை 'ஹய் இப்னு யக்ழான்' என்ற கதையாக எழுதினார். இன்றோ நம் பண்பாட்டைக் கற்பனையில் வடிப்பவர்கள் பெரும்பாலும் பிறரே. 2008இல் சுவீடனில் வெளிவந்த 'கோரியோலிஸ்' என்னும் விண்வெளி விளையாட்டு, மத்தியக் கிழக்கின் பண்பாட்டிலிருந்தும் ஆயிரத்தோரு இரவுகள் கதைகளிலிருந்தும் தன் உலகை அமைத்துக்கொண்டது. அதில் குற்றமில்லை. ஆனால் நம்மவர் ஒருவர் அத்தகைய உலகைப் படைக்க முன்வரும்போது நாம் விலகி நிற்பது குறையே.

இத்துறை பிறந்ததே நண்பர்களின் துணையால்தான். 1973இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸும் அவருடைய பால்ய நண்பர் டான் கேயும் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். அச்சுச் செலவுக்கு அது போதாதபோது பிரையன் ப்ளூம் என்பவர் பங்காளியாகச் சேர்ந்தார். 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆயிரம் பிரதிகளாக வெளிவந்தது. பெட்டிகளைக் கையால் அடுக்கினார்கள். அவ்வாயிரமும் ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டுத் தொடக்கத்திலேயே டான் கே மாரடைப்பால் இறந்துபோனார். பின்னர் வந்த பெருவெற்றியை அவர் காணவில்லை. அவ்விளையாட்டின் மந்திரக் கற்பனை நமக்கு உவப்பானதன்று. தம் பங்குக்காக டான் கே ஆயுள் காப்பீட்டின் மீது கடன் எடுத்ததும் நம் வழியன்று. ஆனால், ஊரார் பொருட்படுத்தாத ஒரு முயற்சிக்கு நண்பர் ஒருவர் முதலில் கை கொடுத்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

நாம் எவ்வாறு துணை நிற்கலாம்?

முதலாவது, முழு விலை கொடுத்து வாங்குவது. பக்க அமைப்பு, ஓவியம், அச்சு ஆயத்தம் ஆகியவற்றின் செலவு, நூறு பிரதிகள் அச்சிட்டாலும் பத்தாயிரம் அச்சிட்டாலும் ஏறத்தாழ ஒன்றே. குறைவாக அச்சிடுபவருக்கு ஒவ்வொரு பிரதியின் மீதும் விழும் சுமை மிகுதி. அவரிடம் நட்பைக் காட்டி விலை குறைக்கக் கேட்பது, அந்நியரிடம் காட்டும் நேர்மையைக்கூட நண்பரிடம் காட்டாமலிருப்பதாகும்.

இரண்டாவது, மின்பிரதியை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பாதிருப்பது. விளம்பரமாகட்டுமே என்ற நல்ல நிய்யத்தோடு செய்தாலும் அது அவருடைய உடைமை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, 1988இல் குவைத்தில் நடந்த தன் ஐந்தாம் அமர்வில், நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றை மீறலாகாது என்று தீர்மானித்திருக்கிறது. ஒரு பிரதியை அமானத்தாகக் கருதுவோம்.

மூன்றாவது, முன்பதிவு. கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் நூல் அச்சாகும் முன்பே வாசகர்கள் பணம் செலுத்த ஒப்புகிறார்கள். அறிவித்த இலக்கை எட்டினால்தான் பணம் பெறப்படும். முன்பணம் கொடுத்து வாங்குவது நமக்குப் பழக்கமானதே. மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே விலை கொடுத்து வந்தபோது, அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஸலம் எனப்படும் அவ்வொப்பந்தமும் இன்றைய முன்பதிவும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. எனினும் அந்த ஒழுங்கு இரு தரப்புக்கும் நல்லது. எத்தனை பக்கம், எந்தத் தாள், எந்த மாதம் வந்து சேரும், தாமதமானால் என்ன செய்வது என்பவற்றை நண்பர் எழுதித் தரட்டும். நாமும் கூச்சமின்றிக் கேட்போம். தெளிவான பேச்சு பிற்பாடு வரும் மனக்கசப்பைத் தடுக்கும்.

நான்காவது, விளையாடிப் பார்த்து உண்மையைச் சொல்வது. "மாஷா அல்லாஹ், அருமை" என்று மட்டும் சொல்லி நூலை அலமாரியில் வைத்துவிட்டால் அவருக்கு எப்பயனும் இல்லை. எந்த விதி புரியவில்லை, எங்கே பிள்ளைகள் சலித்தார்கள் என்பதே அவருக்கு வேண்டிய செய்தி.

பகடையைப் பற்றியும் அவ்வாறே பேச வேண்டியிருந்தது. பகடை உருட்டி ஆடும் நர்த் ஆட்டத்தைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆகவே, பணயம் இல்லாவிடினும் பகடையைத் தவிர்க்க வேண்டும் என்பர் அறிஞர் பலர். சூதோடு சேரும்போதே தடை என்போரும் உளர். இதில் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையன்று. ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஆனால் பல குடும்பங்கள் இதனாலேயே நூலைத் தொடமாட்டார்கள் என்பதை நண்பரிடம் சொன்னோம். அவர் மாற்று ஒன்றைக் கண்டார். இரு பகடைகளின் கூட்டுத்தொகை 36 வகைகளில் அமையும்: 7 ஆறு வகைகளில் வரும், 2உம் 12உம் ஒவ்வொரு வகையில் மட்டுமே வரும். அதே கணக்கில் 36 சீட்டுகளில் எண்களை எழுதிப் பையிலிட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டுக் குலுக்கினால் விளையாட்டு சிறிதும் மாறாது. பயணத்தில் உடன் வரும் மனைவியைத் தேர நபி (ஸல்) அவர்கள் சீட்டுக் குலுக்கியதை அறிந்த நம் வீடுகளுக்கு இம்முறை அந்நியமாக இராது. எங்கள் புகழ்ச்சியைவிட இந்த ஒரு சொல்லே தமக்கு உதவியது என்றார் நண்பர்.

எல்லாரும் வாங்கியே ஆக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வசதியில்லாதவர், விருப்பமில்லாதவர் அதனை இனிமையாகச் சொல்லிவிடலாம், விருப்பமுள்ள வேறொருவரிடம் நூலைப் பற்றிக் கூறலாம், துஆச் செய்யலாம். வாங்குவதாகச் சொல்லி நண்பரைக் காத்திருக்கவைப்பதுதான் தவறு. அச்சிட வேண்டிய பிரதிகளின் எண்ணிக்கையை அவர் நம் வாக்கை நம்பித்தான் முடிவு செய்கிறார்.

உங்கள் உறவிலும் நட்பிலும் இத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். விளையாட்டாக இல்லாவிடினும், சிறார் நூலோ ஓவியமோ செயலியோ அவர் கையில் இருக்கலாம். இந்த வாரம் அவரிடம் விலையைக் கேளுங்கள்; கேட்ட விலையைக் கொடுங்கள்; படித்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஹலாலான உழைப்பில் ஈடுபடும் நம் நண்பர்கள் அனைவருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.