கார்ல டேஷ்கேம் மாட்டப் போறீங்களா? கடையில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க!

டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா, ஜி.பி.எஸ், கூடுதல் ஹாரன்... கார் வாங்கிய கையோடு ஆக்சஸரீஸ் கடைக்குப் போவது நம்மில் பலருக்கும் பழக்கம். ‘எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு தள்ளுபடி’ என்று விசாரிக்கும் நாம், ‘இதுக்கு கரன்ட் எங்கேயிருந்து எடுக்கிறீங்க, ஃபியூஸ் எங்கே?’ என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

“12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப்போகுது?” என்பார்கள். ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால், தீப்பிடிக்கும்! வீட்டில் ஏ.சி-க்குப் போடும் பெரிய பிளக் பாயின்ட்டே 16 ஆம்பியர்தான். கார் பேட்டரியோ, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் 100 ஆம்பியருக்கும் மேல் கொடுக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஒரு மெல்லிய வயர், கூர்மையான தகட்டில் உரசி மேல்தோல் கிழிந்து, கார் பாடியைத் தொட்டால் என்ன ஆகும்? அத்தனை கரன்ட்டும் அந்த வயர் வழியாகப் பாயும். சில நொடிகளில் வயர் பழுத்துவிடும். பக்கத்தில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக்கும் ஃபோமும்தான்.

அதைத் தடுப்பது ஃபியூஸ். பலர் நினைப்பதுபோல ஃபியூஸ் கேமராவைக் காப்பாற்ற இருப்பதல்ல; வயரைக் காப்பாற்ற இருப்பது. அதனால், பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுத்தால், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் இருந்தால், நடுவில் ஓடும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? கணக்கு சுலபம். கருவியின் வாட்ஸை 12-ஆல் வகுங்கள். 6 வாட்ஸ் டேஷ்கேம் என்றால் அரை ஆம்பியர். அதற்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். ‘அடிக்கடி போகுது’ என்று பெரிய ஃபியூஸ் போடுவதும், வயர் துண்டைச் செருகுவதும் ஆபத்து. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், எங்கோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். நிறத்தைப் பார்த்தே நீங்கள் சரிபார்க்கலாம்.

எது பாதுகாப்பான வழி?

* சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜர் செருகுவதே எளிது. அதற்கு கம்பெனி ஃபியூஸ் ஏற்கெனவே உண்டு.
* வயரிங் வேண்டுமென்றால், ‘ஃபியூஸ் டேப்’ கேளுங்கள். ஃபியூஸ் பாக்ஸில் ஒரே இடத்தில் பழைய ஃபியூஸும் புதிய ஃபியூஸும் தனித்தனியாக உட்காரும். கம்பெனி வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றும் வேலையே இல்லை. ஏர்பேக், ஏ.பி.எஸ் ஃபியூஸ்களில் மட்டும் கை வைக்கக் கூடாது.
* கண்ணாடி ஓரத் தூணில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால், வயர் அதன் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால், ஏர்பேக் விரிவதற்குக் குறுக்கே நிற்கும்.
* இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் வயர், ரப்பர் புஷ் உள்ள துளை வழியாகவே வரட்டும்.
* ஹாம் ரேடியோ போல 10 ஆம்பியர் வரை இழுக்கும் கருவிகளை லைட்டர் சாக்கெட்டில் மாட்டாதீர்கள். அவற்றுக்குத் தடிமனான வயரும், பேட்டரி அருகே தனி ஃபியூஸும் வேண்டும்.

இன்னொரு சிக்கல், நிறுத்தி வைத்த காரிலும் ஓடும் கேமரா. அது 0.3 ஆம்பியர் இழுத்தாலும், ஒரு நாளில் 7 ஆம்பியர் ஹவர் போய்விடும். சின்ன கார்களில் இருப்பது சுமார் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. வியாழன் இரவு நிறுத்திவிட்டு ஊருக்குப் போய், ஞாயிறு இரவு வந்து சாவியைத் திருப்பினால், பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். வோல்ட்டேஜ் 12-க்கு அருகில் இறங்கியதும் கேமராவைத் தானாக நிறுத்தும் ‘கட் ஆஃப்’ வசதியுள்ள கிட் வாங்குவதே இதற்குத் தீர்வு.

ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா? கவலை வேண்டாம். அடுத்த சர்வீஸின்போது பானெட்டைத் திறந்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் புது வயரைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இல்லையென்றால், அன்றே போடச் சொல்லுங்கள். ஃபியூஸுக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வருவது உங்கள் பிள்ளைகள்!