நகரமா, கிராமமா? லயத்துப் பிள்ளை எதை எழுதுவது?

ஆறாம் தரத்து ஆங்கில மொடியூலில் தகாத இணையத்தள முகவரி ஒன்று அச்சாகிவிட்டது என்று 2026 ஜனவரியில் கொழும்பு கொதித்தது. கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவின் முன்னால் சத்தியாக்கிரகம், எதிர்க்கட்சியின் நம்பிக்கையில்லாப் பிரேரணைப் பேச்சு, கடைசியில் ஆறாம் தரத்துச் சீர்திருத்தமே 2027க்குத் தள்ளிப்போனது. அந்த ஒரு வரியைத் துருவிய கண்களில் ஒரு சோடியாவது பசறையிலோ மடுல்சீமையிலோ ஓர் ஆறாம் தரத்துப் பிள்ளையின் தமிழ்க் கொப்பியைப் புரட்டியிருக்குமா?

புரட்டினால் அங்கே 'நகர வாழ்க்கையும் கிராம வாழ்க்கையும்' இருக்கும். ஒப்பீட்டுக் கட்டுரை என்றால் நம் வகுப்பறைகளுக்கு அதுதான். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் புகை, நெரிசல், வசதி. அந்தப் பக்கம் வயல், தூய காற்று, ஒற்றுமை. பிள்ளை பார்த்து எழுதுகிறது, மனப்பாடம் செய்கிறது, பரீட்சையில் கொட்டுகிறது. எழுதுகிற பிள்ளை குடியிருப்பது நகரத்திலும் இல்லை, கிராமத்திலும் இல்லை. நமுனுகலை மலைச் சரிவில், ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில்.

ஆசிரியர்களுக்குத் தோன்றாதது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்துக்குத் தோன்றியிருக்கிறது. அது இந்த நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகவே பிரித்துக் கணக்கெடுக்கிறது. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். வறுமையில் இருப்போர் நகரத்தில் 6.0 வீதம், கிராமத்தில் 15.0 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடைவெளி 9 புள்ளி. கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் 18.8. அதாவது நாம் ஆண்டாண்டாகப் பிள்ளைகளை எழுத வைக்கும் வேறுபாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேறுபாடு ஒன்று தலைப்புக்கு வெளியே நிற்கிறது. பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு இது. எனக்கு இந்த மூன்று இலக்கங்களைவிட நல்ல பாடநூல் தெரியாது. பதுளை மாவட்டத்தின் ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலைச் சுவரிலும் இதை எழுதிப்போடலாம்.

ஒப்பிடுவதை நாம் வெளியே இருந்து கடன் வாங்க வேண்டியதுமில்லை. தண்டியலங்காரம் வேற்றுமை அணி என்று சொல்வது என்ன? இரு பொருள்களுக்கு முதலில் ஒற்றுமை காட்டி, பிறகு ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது. தீப்புண்ணையும் நாக்குச் சுட்ட வடுவையும் அருகருகே வைத்த குறளைத்தான் உதாரணமாகப் படிக்கிறார்கள். இரண்டும் சுடும், அது ஒற்றுமை. ஒன்று ஆறும், மற்றது ஆறாது. எந்த அடிப்படையில் ஒப்பிடுகிறோம் என்பதும், வேறுபாடு எங்கே கிளைக்கிறது என்பதும், அதனால் என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதும் ஒன்றே முக்கால் அடியில் இருக்கின்றன. பிள்ளைகளோ அணியின் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி இரண்டு புள்ளி வாங்குகிறார்கள். கட்டுரைப் பாடவேளையில் பழையபடி கரும்பலகைக் கோடுதான். அதனால்தான் அவர்கள் எழுதுவது ஒப்பீடாக இல்லாமல் ஒட்டிவைத்த இரண்டு வருணனைகளாக இருக்கிறது. நகரத்தின் புகைக்கு நேரே கிராமத்தின் ஒற்றுமையை வைத்தால் அதில் எதை எதோடு ஒப்பிடுவது?

வீட்டிலோ இதே பிள்ளைகள் ஒப்பீட்டிலேயே வளர்கிறார்கள். கொழுந்து குறைந்த நாளில் அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போடுவார்களா, ஞாயிறு கிலோவுக்குக் காசு தரும் கைக்காசுக்குப் போனால் கட்டுப்படியாகுமா, பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை கிலோ கேட்கிறார்கள் என்று அம்மாவும் அத்தையும் பேசும் பேச்சில் அடிப்படை மாறாது, இலக்கம் தவறாது. அந்தப் பேச்சை வகுப்பறை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறோம்.

ஒரு பாடம் நடத்திப் பாருங்கள். 2024 ஏப்ரல் வர்த்தமானி தோட்டத் தொழிலாளருக்குச் சொன்ன நாட்சம்பளம் 1,700 ரூபாய். 2026 வரவு செலவுத் திட்டம் சொன்னது 1,750. வித்தியாசம் 50 ரூபாய் என்று அவசரக்காரப் பிள்ளை எழுதும். பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது 1,350 அடிப்படை, 350 விசேட கொடுப்பனவு. இரண்டாவது 1,550 அடிப்படை, அரசாங்கம் தரும் வரவுக் கொடுப்பனவு 200. மொத்தத்தில் கூடியது 50. அடிப்படையில் கூடியது 200. 1,700 சொன்ன வர்த்தமானி உயர் நீதிமன்றம் வரை போய்த் தடைப்பட்டு, அதே வருடம் செப்டெம்பரில் 1,350 என்று திரும்பி வந்தது. அதையும் சேர்த்தால் ஒப்பீடு மூன்றாகும். ஒரு 200ஐ யார் தருகிறார்கள், எந்த நிபந்தனையில், அதற்கு சேமலாப நிதி உண்டா என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒப்பீட்டுக் கட்டுரை எழுத வேறு பயிற்சி எதற்கு?

"எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைக்கு ஒப்பீடா?" என்பார்கள். இருபது வருடமாக இதையே சொல்லி, எழுத்துக் கூட்டவும் கற்றுக்கொடுக்காதவர்கள் அவர்கள். "தோட்டத்துப் பிள்ளையைத் தோட்டத்திலேயே கட்டிப்போடாதீர்கள்" என்று நகரத்துப் புத்திமான்கள் சொல்வார்கள். தான் நிற்கும் இடத்தை அளக்கத் தெரியாதவன் எங்கே போனாலும் கூலிக்காரன்தான். சிமார்ட் போர்ட் வந்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்லி இந்தப் பக்கத்தை வீணாக்கப் போவதில்லை.

எனக்கு இதில் சந்தேகம் கிடையாது: இரண்டு தாள்களை அருகருகே வைத்து வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை மலையகத்தில் இருந்திருந்தால், கம்பனிகளும் சங்கங்களும் சம்பளத்துக்காகச் செய்த கூட்டு ஒப்பந்தம் என்ற பெயரில் இத்தனை வருடம் நடந்த கூத்து முதல் தடவையிலேயே முடிந்திருக்கும். கம்பனிகளுக்கும் சங்கங்களுக்கும் நாம் கொடுத்த மிகப் பெரிய சலுகை நம்முடைய கட்டுரைத் தலைப்புகள்தான்.

ஆறாம் தரத்துக்கு ஒரு வருட அவகாசம் தற்செயலாகக் கிடைத்திருக்கிறது. ஊவா மாகாணக் கல்வித் திணைக்களமும் பதுளை, பண்டாரவளை வலயங்களும் கொழும்பைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. தவணைப் பரீட்சையிலிருந்தும் தமிழ்மொழித் தினப் போட்டியிலிருந்தும் நகரம்–கிராமத் தலைப்பை இந்த வருடமே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு சம்பளத் துண்டுகளைக் கொடுத்து, ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.