வாளிக்குள் இருக்கும் கரிமக் கணக்கு

2015 செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூரை மூடிய புகைமூட்டத்தை இங்கே இருந்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டியது. செப்டம்பர் 25 அன்று தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தோ பாயோவில் எதிர் புளோக்கே மங்கலாகத்தான் தெரிந்தது. எரிந்தவை சுமத்ராவிலும் கலிமந்தானிலும் உள்ள சதுப்புக் கரிநிலங்கள். செம்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் இடம் வேண்டி நீரை வடியவிட்டால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த மண்ணில் சேர்ந்த கரிமம் காய்ந்து விறகாகிவிடும்.

அடுத்த மாதம் சிங்கப்பூர் சுற்றுப்புற மன்றம் ஒரு முடிவெடுத்தது. தீயோடு தொடர்பிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் குழுமப் பொருள்களின் உள்ளூர் விநியோகிப்பாளர், சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள் என்று காட்டும் பசுமை முத்திரையைப் பயன்படுத்தத் தற்காலிகத் தடை விதித்தது. உடனே என்டியுசி ஃபேர்பிரைஸ் அந்தக் குழுமத்தின் டிஷ்யூவையும் கழிவறைத் தாளையும் அலமாரிகளிலிருந்து எடுத்தது. வேறு பேரங்காடிகளும் அதே வழியில் போயின. காடு எரிந்ததற்கும் மேசை துடைக்கும் தாளுக்கும் உள்ள உறவு அப்போதுதான் பலருக்குக் கண்ணெதிரே வந்தது.

அப்படிச் செய்தது எந்தக் கடை என்பதில் ஒரு வரலாறு இருக்கிறது. ஃபேர்பிரைசின் முதல் கடை தோ பாயோ லோரோங் 4இல்தான் தொடங்கியது. விலைவாசி ஏறி, பதுக்கலும் கொள்ளை லாபமும் சாதாரணக் குடும்பங்களை வாட்டிய 1973இல், தேவன் நாயர் தலைமையிலான தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி) தானே கூட்டுறவுக் கடை நடத்தத் துணிந்தது. ஜூலை 22 அன்று பிரதமர் லீ குவான் இயூ ‘என்டியுசி வெல்கம்’ கடையைத் திறந்து வைத்தார். 1983இல் இன்னொரு கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆனது. ‘என்ன விலை?’ என்ற கேள்வியில் பிறந்த கடை, 42 ஆண்டுகளுக்குப் பிறகு ‘எங்கிருந்து வந்தது?’ என்றும் கேட்டது. முதல் கேள்விக்குக் கொடுத்த மதிப்பு இரண்டாவது கேள்விக்கும் நிலையாகக் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அந்த இரண்டாவது கேள்வியை நாம் சுத்தம் செய்யப் பயன்படுத்தும் தூளிடமும் திரவத்திடமும் கேட்க வேண்டும். அந்த உலகம் இதற்கு முன்பும் ஒருமுறை மாறியிருக்கிறது. 1950களில் வந்த செயற்கைச் சலவைப் பொருள்களை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றியது. அமெரிக்க ஆலைகள் 1965 வாக்கில் எளிதில் சிதையும் மூலப்பொருளுக்கு மாறின. குறைவாகத் துவையுங்கள் என்று வீடுவீடாகச் சொல்லி அந்த நுரை அடங்கவில்லை. புட்டிக்குள் இருந்ததை மாற்றியதால் அடங்கியது.

இன்றைய மாசான கரிம வெளியேற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுவனங்கள் அதை மூன்று வகையாகக் கணக்கிடுகின்றன. ஒரு நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள் முதல் வகை, வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை. வாங்கும் பொருள், சேவை, போக்குவரத்து, கழிவு என்று மற்றவர் கையில் நடக்கும் அத்தனையும் மூன்றாம் வகை. 2011இல் வெளியான பன்னாட்டுக் கணக்குமுறை இதை 15 பிரிவுகளாகப் பிரிக்கிறது. முதல் பிரிவே வாங்கும் பொருள்களும் சேவைகளும்தான். சிங்கப்பூரின் கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024இல் 25, 2026இல் 45 என ஏறியிருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ வெளியேற்றும் ஆலைகளுக்கு மட்டுமே. வெளிநாட்டில் தயாராகி இங்கே இறங்கும் தரைகழுவித் திரவத்துக்குப் பின்னால் இருக்கும் கரிமத்தை அந்த வரி தொடாது. அதை வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும்.

எங்கள் அலுவலகத் தளத்தைச் சுத்தம் செய்யும் அம்மா ஒருநாள் ஐந்து லிட்டர் கேனைச் சாய்த்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நூறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்று கேனில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் போட்டிருந்தது. அளக்க மூடிகூட இல்லை. கேட்டேன். “நுரை வரலைன்னா சரியாத் துடைக்கலைன்னு சொல்றாங்க தம்பி” என்றார். தவறு அவருடையது அல்ல. நுரைக்கும் சுத்தத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை என்பதை மேற்பார்வையாளருக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தக் கேனில் அழுக்கை நீக்கும் வேதிப்பொருள் பெட்ரோலியத்திலிருந்து வந்திருக்கலாம், செம்பனைக் கொட்டை எண்ணெயிலிருந்தும் வந்திருக்கலாம். முதலாவது, கழிவுநீரில் சிதையும்போது பூமிக்கடியில் கிடந்த கரிமத்தைக் காற்றில் விடுகிறது. இரண்டாவது, கரிநிலத்தை அழித்து நட்ட தோட்டத்திலிருந்து வந்திருந்தால் அதைவிட மோசமாகவும் இருக்கக்கூடும். புட்டியில் பச்சை இலைப் படம் இருப்பது எதையும் நிரூபிக்காது. இதை அழுத்தியே சொல்கிறேன். அப்படியே பயன்படுத்தும் திரவங்களில் பெரும்பகுதி தண்ணீர். லாரியும் பிளாஸ்டிக்கும் தண்ணீரைச் சுமக்கின்றன. அடர்கரைசலாக வாங்கி, அளவுக்கருவி பொருத்தினால் அந்தச் சுமை குறையும். ஹோட்டல் சலவையகங்களில் நீரைச் சூடாக்கக் கணிசமான எரிசக்தி செலவாகிறது. குளிர்நீரிலும் வேலை செய்யும் நொதிகள் கலந்த தூள் அங்கே உதவும். தொற்றை அழிக்க வெப்பம் தேவைப்படும் மருத்துவமனைத் துணியில் அதைப் பிடிவாதமாகத் திணிக்கக் கூடாது.

ஒரு வங்கியின் மொத்தக் கரிமக் கணக்கில் இதெல்லாம் சிறு துளிதான். அதை வைத்து விளம்பரம் தேடுவது நேர்மையல்ல. ஆனால் துப்புரவு நிறுவனத்துக்கும் சலவையகத்துக்கும் அது தொழிலின் மையம். அங்கேதான் சிக்கல். கட்டடக்காரர் ஒப்பந்தப்புள்ளி கேட்கிறார், குறைந்த விலை சொன்னவர் வெல்கிறார், அவர் கிடைத்த மலிவான கேனை வாங்குகிறார்.

இதே குறைந்த விலைப் போட்டிதான் துப்புரவாளர் சம்பளத்தையும் பல ஆண்டுகள் அமுக்கி வைத்திருந்தது. 2014 செப்டம்பர் முதல் துப்புரவு நிறுவனம் உரிமம் பெற, படிப்படியான சம்பள உயர்வு முறையை ஏற்றாக வேண்டும் என்று விதி வந்தது. அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளியில் தொடங்கியது. விலைப் போட்டி நின்றுவிடவில்லை. எதில் போட்டி போடலாம், எதில் போடக் கூடாது என்ற கோடு மட்டும் நகர்ந்தது. திரவத்துக்கும் அப்படி ஒரு கோடு போட முடியும். 1992இல் தொடங்கிய பசுமை முத்திரைத் திட்டம் கையிலேயே இருக்கிறது. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, அடர்கரைசலா, அளவுக்கருவி உண்டா, துப்புரவாளருக்குப் புரியும் மொழியில் பயிற்சி உண்டா என்ற கேள்விகளை ஒப்பந்தப்புள்ளிப் படிவத்திலேயே சேர்த்து, பதிலுக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டில் உள்ள நிறுவனங்கள் 2026 நிதியாண்டு முதல் மூன்றாம் வகை வெளியேற்றத்தையும் அறிவிக்க வேண்டும். அவர்கள் தோராய மதிப்பீட்டை எழுதி நிரப்பாமல், தங்கள் கட்டடத்தைத் துடைப்பவரின் கேனிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கட்டும்.