ஐயக்குறியும் அறிவுநேர்மையும்

2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா, யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்னும் நம்பிக்கையின்மீது எழுந்த கலைக்களஞ்சியம் ஆகும். 2003இல் தமிழும் அதில் இடம்பெற்றது. எழுதியவர் யார் என்பதைவிட, எழுதப்பட்டதற்குச் சான்று உண்டா என்பதே அங்கு முதன்மையானது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், அந்நம்பிக்கை புதியதொரு சோதனைக்கு உள்ளாகியுள்ளது.

கருவியின் இயல்பு

செயற்கை நுண்ணறிவு மொழிக்கருவிகள், அடுத்து வரத்தக்க சொல் எது எனக் கணித்துத் தொடர்களை அமைக்கின்றன. ஆதலால், பிழையற்ற நடையில் பிழையான செய்தியைத் தருவதும் உண்டு. எவரும் எழுதாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் தருவதும் உண்டு. நொடிப்பொழுதில் உருவாகும் அத்தகைய கட்டுரையைச் சரிபார்க்கத் தன்னார்வலர் ஒருவர் பல மணி நேரம் உழைக்க வேண்டியுள்ளது. இச்சுமையை எதிர்கொள்ள, 2023இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்கள் தூய்மைப்பணித் திட்டமொன்றைத் தொடங்கினர். ஐயத்திற்குரிய கட்டுரையின் தலைப்பில், அது மொழிக்கருவியால் எழுதப்பட்டிருக்கலாம் என்று அறிவிக்கும் வார்ப்புருவும் இடப்படுகிறது.

எதனைக் கொண்டு ஐயுறுவது?

படிப்போரை எச்சரிக்கும் இக்குறி தேவையானதே. எனினும், நடையை மட்டுமே சான்றாகக் கொண்டு குறியிடுதல் தகாது. சீரான தொடர்களும் அளவான இணைப்புச் சொற்களும், முயன்று கற்ற மாணவரின் எழுத்திலும் காணப்படும். பிறமொழியில் எழுதப் பழகுவோர் இதனால் வீண்பழிக்கு ஆளாக நேரிடும். இல்லாத நூலை மேற்கோள் காட்டுதல், கருவி தன் பயனருக்குக் கூறிய மறுமொழி கட்டுரையில் அப்படியே எஞ்சியிருத்தல் ஆகியன எவரும் சோதித்தறியத்தக்க அடையாளங்கள். சரிபார்க்கப்படாத கருவியெழுத்துகளை விரைந்து நீக்க 2025இல் ஆங்கில விக்கிப்பீடியா வகுத்த விதியும் இத்தகைய அடையாளங்களையே அடிப்படையாகக் கொண்டது.

குறியின் பயன்

கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள், கம்பர் வாக்கோ என ஐயுற்ற பாடல்களை அழித்துவிடவில்லை. 'மிகைப்பாடல்கள்' எனப் பிரித்து அச்சிட்டனர். பின்வருவோர் மீண்டும் ஆராய அது வழிவிட்டது. விக்கியின் ஐயக்குறியும் அவ்வாறே ஆராய்ச்சிக்கான அழைப்பாக அமைதல் வேண்டும். குறியிடுபவர் தம் காரணத்தை உரையாடல் பக்கத்தில் எழுதுவது கடமை. எழுதியவர் விடையளிக்க வாய்ப்பு வேண்டும். சான்றுகள் சரியென உறுதியானபின் குறி அகற்றப்பட வேண்டும். காரணம் கூறாது இட்டு, கவனிப்பாரின்றி நிலைத்துவிடும் குறி, பழிச்சொல்லாகவே மாறிவிடும்.

பொறுப்பு எழுதுபவருக்கும் உண்டு. கருவியின் துணையை நாடியவர், ஒவ்வொரு செய்தியையும் மூலத்தோடு ஒப்பிட்ட பின்னரே பதிவிட வேண்டும். மொழிக்கருவிகள் விக்கிப்பீடியாவைப் படித்தும் பயில்கின்றன. இன்று அங்கே புகும் பொய், நாளை அக்கருவிகளின் விடையாகத் திரும்பிவரக்கூடும். பொதுக்கிணற்றின் நீரைக் காப்பது, இறைப்போர் அனைவரின் பொறுப்பாகும்.